வழக்குக் கட்டும் கெடுவும்

கோரிமேட்டைக் கடந்து திண்டிவனம் வழியே சென்னை செல்லும் வண்டிகளில் நம் சங்கங்களின் வழக்குக் கட்டுகளும் செல்கின்றன. 1962 நவம்பர் 6 முதல் புதுச்சேரி, சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

“கூரியரிடம் கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது” என்று காரியதரிசிகள் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது தவறு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் மேல்முறையீடு செய்யக் கெடு 90 நாட்கள். சான்றிட்ட நகல் பெறுவதற்கு வேண்டிய நாட்கள் கழிக்கப்படும். கட்டு புறப்பட்ட நாள் அன்று, தாக்கலாகும் நாளே கணக்கு. கெடு கடந்தால் தாமதத்தை மன்னிப்பது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. சங்கத்துக்கு வரவேண்டிய பாக்கி அந்தக் கருணையை நம்பி நிற்கலாமா?

ஒரு சங்கத்தின் கட்டு உரிய நாளில் சென்னை சேர்ந்தது. ஆனால், நிர்வாகக் குழுவின் தீர்மான நகல் உள்ளே இல்லை. அதை வரவழைப்பதற்குள் கெடுவில் ஆறு நாட்கள் வீணாயின.

ஆதலின் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை: வழக்கு நடத்த அதிகாரமளிக்கும் தீர்மானத்தின் நகல், அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்ட வக்காலத்து, தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள். தாள்தோறும் பக்க எண் இட்டு, அட்டவணையை மேலே வைத்து, நகல் தொகுதி ஒன்றைச் சங்கத்தில் நிறுத்திக்கொள்க. வழக்கறிஞரின் முழு விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் உறைமேல் எழுதுக. தபாலில் அனுப்புவோர் ஒன்றை நினைவிற்கொள்க: 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால், விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

ரசீதை அனுப்புகைப் பதிவேட்டில் ஒட்டுக. கெடுவுக்குப் பத்து நாள் முன்னரேனும் அனுப்புக. தாக்கல் எண் கைக்கு வந்த பின்னரே காரியதரிசியின் கடமை முடிகிறது.