விபத்துக்கென்றே பிறந்தவர் உண்டா?

தொழிற்சாலையில் ஒரே ஆளுக்கு அடிக்கடி காயம் பட்டால், “அவன் ராசி அப்படி” என்று சொல்லிவிடுவதுண்டு. இது சரிதானா?

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனில் பீரங்கிக் குண்டு தயாரித்த 647 பெண்களின் ஐந்து வார விபத்துக் கணக்கை கிரீன்வுட், யூல் என்ற நிபுணர்கள் 1920-ல் ஆராய்ந்தனர். 447 பேருக்கு ஒரு விபத்தும் இல்லை. 26 பேருக்கோ மூன்றும் அதற்கு மேலும்! தற்செயல் மட்டுமே காரணமென்றால் இத்தொகை சுமார் எட்டாகத்தான் இருக்க வேண்டும். எனவே ‘விபத்துச் சுபாவம்’ உண்டென்ற கருத்து பரவியது.

பின்வந்தவர்கள் வேறு கேள்வி கேட்டனர்: எல்லோருக்கும் வேலையும் ஆபத்தும் உண்மையில் சமமாக இருந்தனவா? கண்பார்வை, களைப்பு, அனுபவக் குறைவு, மூடியில்லாத பற்சக்கரம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுமே! விரலை இழந்தவரின் ராசியைப் பார்க்குமுன், அவர் நின்ற இயந்திரத்தைப் பார்ப்பதே நியாயம்.