பேரியாழும் பாரிடோன் கித்தாரும்

ஆடவர் குரல் யாவும் ஒரே நிலையில் நிற்பன அல்ல. நம் கல்லூரிப் பாடகர் குழாத்திலேயே உச்ச ஸ்தாயியில் எளிதிற் சஞ்சரிப்பவரும் உளர். மந்தரத்தில் இறங்கினாலன்றிக் குரல் கனியாதவரும் உளர். பின்னவர் பாடும்போது கித்தார் வாசிப்போர் படும் இடர் நாம் பலகாலும் கண்டதே. பாடகருக்கு இசையக் கம்பிகளைத் தளர்த்துவர். தளர்ந்த கம்பியோ மெட்டுக்கட்டையின்மேல் மோதிக் கறகறக்கும்; சுருதியும் நில்லாது. குற்றம் தம் குரலிலுள்ளது என்றெண்ணிப் பாடுவதையே விட்டொழிந்த மாணாக்கரும் உண்டு. குற்றம் குரலினதன்று, கம்பியின் நீளத்தினது என்பதை இங்கு விளக்கப் புகுகின்றோம்.

இவ்விளக்கத்தைத் தொடங்குதற்கு மரக்காணத்தை அடுத்த கடற்கரையினும் ஏற்ற இடம் இல்லை. இன்று உப்பளங்களும், எக்கியார்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களும் விளங்கும் இப்பகுதியையே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாக ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு நல்லூர் நத்தத்தனார் வழிகூறுகையில், மதிலாற் பெயர்பெற்ற இப்பட்டினத்தை முதலில் வைக்கின்றார். அலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரங்களை இவ்வூரார் விறகாக எரித்தனர் என்றும், பாணர்க்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்றும் அப்பாட்டால் அறிகின்றோம். பசித்து வருவோனுக்கு இவ்விரண்டும் இசையினும் இனியனவாயிருந்திருக்கும்!

அப்பாணன் இடப்பக்கத்தே தழுவிச் சென்றது சீறியாழ். சீறியாழ் வாசிப்போர் சிறுபாணர், பேரியாழ் வாசிப்போர் பெரும்பாணர் என்பது மரபு. சீறியாழுக்கு நரம்பு 7, பேரியாழுக்கு 21 என்பர். ஸ்தாயி ஒன்றுக்கு ஏழு சுரமாகக் கணக்கிடின், பேரியாழ் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று நிலைகளையும் தழுவியதாகும். யாழில் நரம்பொன்றுக்கு ஒரு சுரமே உரியது. வீணையிற்போல ஒரே தந்தியை விரலால் அழுத்திப் பல சுரம் எழுப்புதல் இயலாது. ஆகவே தாழ்ந்த சுரம் வேண்டுமாயின் அதற்கெனத் தனி நரம்பும், அந்நரம்பைத் தாங்கப் பெரிய கோடும் பத்தரும் வேண்டும். பேரியாழின் பெருமை அதன் கீழ்ச்சுரங்களைப் பற்றியது என்று நாம் கருதுகின்றோம்.

இதன் காரணத்தை 1636-ல் மெர்சேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வரையறுத்து வெளியிட்டார். கம்பியின் நீளம் இருமடங்கானால் அதிர்வு பாதியாகும். இழுவிசையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அதிர்வு பாதியாகும். கம்பியின் எடை நான்கு மடங்கானாலும் அவ்வாறே. நீளம் ஒன்றையே நம்பி 21 சுரம் அமைப்பதாயின், உச்ச நரம்பு ஒரு சாண் எனில் அடிநரம்பு ஏறக்குறைய ஏழு சாண் ஆகவேண்டும். அத்தகைய யாழை ஒருவன் சுமந்து ஊரூராய்த் திரிதல் எங்ஙனம்? நரம்பின் பருமையையும் இழுவிசையையும் வேறுபடுத்தியே அக்காலத்தார் இதனைச் சமாளித்திருத்தல் வேண்டும். பேரியாழ் ஒன்றேனும் நமக்கு எஞ்சவில்லை. இசைக்கணக்கும் பழந்தமிழ் நூல்களும் துணையாக விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-ல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ இத்துறையில் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம்.

இனிக் கித்தாருக்கு வருவோம். வழக்கமான கித்தாரின் அடிக்கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிரும். பாரிடோன் கித்தாரில் அது பெரும்பாலும் 62 ஆக இருக்கும்; அதாவது நான்கு சுரம் கீழே. பழைய கம்பியைத் தளர்த்தியே இதைப் பெற முயன்றால் இழுவிசை பதினாறில் ஒன்பது பங்காகச் சுருங்கிவிடும். கறகறப்பின் மூலம் இதுவே. ஆதலால் பாரிடோன் கித்தாரில் கம்பி அதிரும் நீளம் இருபத்தைந்தரை அங்குலத்திலிருந்து 27 முதல் 30 அங்குலம் வரை கூட்டப்படுகிறது. 28 அங்குலமாயின் இழுவிசை மூன்றில் இரண்டு பங்காக மீளும். எஞ்சிய குறையைத் தீர்க்கக் கம்பியின் தடிப்பை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாற் போதும். ஆடவர்க்கெனப் பெரிய தம்பூராவும் பெண்டிர்க்கெனச் சிறிய தம்பூராவும் செய்யும் தஞ்சைக் கைவினைஞர், இச்சூத்திரத்தை எழுதிப் பாராமலே கையால் அறிந்தவர்கள்.

வாசிக்கும் முறையில் புதிதாகக் கற்கவேண்டியது சிறிதே. விரல் வைக்கும் நிலைகள் பழையனவே. ஒலி மட்டும் கீழிறங்கும். ‘சி’ என்று பிடித்தால் செவிக்கு ‘ஜி’ என்று கேட்கும். உடன் வாசிப்போரிடம் இதை முன்னரே கூறிவிடாவிட்டால் சபையில் நகைப்புக்கு இடமாகும். ஐந்தாம் மெட்டில் கேப்போ என்னும் இடுக்கியைப் பூட்டினால் பழைய சுருதி திரும்பும். முக்கியமானதொன்று: அடிக்கம்பிகள் பலவற்றை ஒருசேர மீட்டினால் ஒலி கலங்கிச் சேறாகும். ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுவதே அழகு. இதற்கு உறவான கருவியொன்றை, இன்னும் தாழ்ந்த ஆறுகம்பிப் பாஸ் கித்தாரை, அமெரிக்காவின் டானெலெக்ட்ரோ நிறுவனம் 1956-ல் வெளியிட்டது. நாஷ்வில் நகரத்து வாத்தியக்காரர் அதன் கம்பியை உள்ளங்கையால் அடக்கி மீட்டி, பெரிய பாஸ் பிடிலோடு இணைத்தனர். பிடில் ஆழத்தைத் தர, இது ஒவ்வொரு சுரத்துக்கும் தெளிவான தொடக்கத்தைத் தந்தது.

புதுக்கருவி வாங்கப் பொருள் இல்லாதார் கையிலுள்ள கித்தாருக்கே தடித்த கம்பி பூட்டலாம். நீண்ட கருவியின் இறுக்கம் கிட்டாதெனினும் தாழ்ந்த குரலுக்குத் துணையாகும். அங்ஙனம் செய்வோர் தலைப்புறத்துத் தாங்கியிலுள்ள பள்ளங்களை மரவேலை அறிந்தவரைக் கொண்டு சிறிது அகலப்படுத்திக்கொள்க. இல்லையேல் தடித்த கம்பி அங்கே சிக்கிச் சுருதியில் நில்லாது.