கோடைக் கணக்கு முகாம்: பெயரைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

பொங்கல் முடிந்ததுமே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: "மேடம், சம்மருக்கு எந்த மேத் கேம்ப் போட்டா காலேஜ் அட்மிஷனுக்கு நல்லது?"

"அந்த கேம்ப் கேக்குற கணக்கைப் பையன் பார்த்தானா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டான். பெயர்ப் பட்டியலை அம்மாதான் போட்டு வைத்திருப்பார்.

அமெரிக்காவில் பேர்பெற்ற கோடைக் கணக்கு முகாம்கள் பலவும் விண்ணப்பத்தோடு சில கணக்குகளைக் கொடுக்கின்றன. அவை ஜனவரி வாக்கில் வெளியாகும். மார்ச்சுக்குள் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். அந்தக் கணக்குகள்தான் முகாமின் உண்மையான முகம். அவற்றோடு இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு, அங்கே போய் ஐந்தாறு வாரம் இருக்கப் பிடிக்குமா பிடிக்காதா என்று தானே தெரிந்துவிடும்.

ஆர்னால்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1957இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 'ராஸ்' முகாமைத் தொடங்கினார். 1964இல் அது அவரோடு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எளிய விஷயங்களை ஆழமாக யோசிக்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. அங்கே பயின்ற கிளென் ஸ்டீவன்ஸ் உள்ளிட்டோர் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 'ப்ரோமிஸ்' முகாமைத் தொடங்கினார்கள். இரண்டுமே ஆறு வாரம். இரண்டுக்கும் அடித்தளம் எண் கோட்பாடு. அன்றாடம் ஒரு கணக்குத் தாள் வரும். பிள்ளைகள் எண்களைப் போட்டுப் பார்த்து, ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்து, அது ஏன் அப்படி என்று தாங்களே நிரூபிக்க வேண்டும். ப்ரோமிஸ் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் நடந்திருக்கிறது என்பது நம் ஊரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

1993இல் தொடங்கிய 'மேத்கேம்ப்' வேறு மாதிரி. ஐந்து வாரம் நடக்கும். எந்த வகுப்புக்குப் போவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். ஒரே கிணற்றை ஆழமாகத் தோண்டும் சுபாவமுள்ள பிள்ளைக்கு ராஸும் ப்ரோமிஸும். பத்து விஷயத்தையும் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு மேத்கேம்ப். ஒலிம்பியாட் போட்டிதான் குறி என்றால் 'ஆசம்மேத்' போன்றவை இருக்கின்றன. அமெரிக்க ஒலிம்பியாட் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பமே கிடையாது. தேர்வுகளில் மேலே வருகிறவர்களை அவர்களே அழைப்பார்கள்.

விண்ணப்பக் கணக்கு எப்படி இருக்கும் என்று காட்ட, எந்த முகாமின் தாளிலும் கை வைக்காமல், என் வகுப்பில் நான் கொடுக்கும் பழைய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். அடுத்தடுத்து வரும் இயல் எண்களில் இரண்டையோ அதற்கு மேலோ கூட்டினால் எந்தெந்த எண்கள் கிடைக்கும்? 9 என்பது 4 + 5. 6 என்பது 1 + 2 + 3. 8 கிடைக்கிறதா?

போன வருடம் ஒரு மாணவி முப்பது வரைக்கும் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தாள். 1, 2, 4, 8, 16 மட்டும் கிடைக்கவில்லை. "இரண்டின் அடுக்குகள் வராது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். "64 வராதுன்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன். "பேட்டர்ன் அப்படித்தானே, மிஸ்?" என்றாள். அட்டவணையை மூடி வைக்கச் சொன்னேன். சில நாள் கழித்து வந்தாள். கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கினால் அது இரண்டு எண்களின் பெருக்கற்பலனாகிறது: ஒன்று, எத்தனை எண்களைக் கூட்டினோம் என்பது, மற்றது, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி வருவது. இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் ஒற்றைப்படை; அதுவும் 1ஐவிடப் பெரியது. இரண்டின் அடுக்குக்கோ 1ஐத் தவிர ஒற்றைப்படை வகுஎண்ணே கிடையாது. ஆகவே வராது. அரைப் பக்கம்கூட இல்லை. அந்த அரைப் பக்கத்தைத்தான் முகாம்கள் தேடுகின்றன. அட்டவணையும் வேண்டும்; அதோடு நின்றுவிட்டால் போதாது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஏஎம்சி 10, 12 என்ற அமெரிக்கக் கணக்குப் போட்டித் தேர்வுகளில் 75 நிமிடத்துக்கு 25 கேள்வி. அவற்றில் கொடிகட்டிப் பறக்கும் பிள்ளைகள் சிலர் முகாமின் விண்ணப்பக் கணக்குகளைப் பார்த்ததும் தடுமாறுவார்கள். மூன்று நிமிடத்தில் விடை வராத கணக்கை அவர்கள் சந்தித்ததில்லை. போட்டிப் பக்கமே போகாத பிள்ளை ஒரே கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். எல்லாக் கணக்கையும் போட்டால்தான் அனுப்பலாம் என்று நினைத்து விண்ணப்பத்தையே கைவிடுகிறவர்கள் அதிகம். அரைகுறையாக நின்ற கணக்கிலும் எதுவரை வந்தேன், எங்கே மாட்டினேன் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அதையும் படிப்பார்கள்.

பெற்றோருக்கு ஒன்று: விடையில் கை வைக்காதீர்கள். ஐஐடியில் படித்த அப்பா எழுதியதற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் படிக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். ட்யூஷன் சாரிடமோ செயற்கை நுண்ணறிவிடமோ கேட்டு எழுதுவதும் அப்படித்தான். அப்படியே இடம் கிடைத்தாலும், அங்கே முதல் வாரத்தில் தவிக்கப்போவது பிள்ளைதான்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் கெடு முடியும் வாரத்தில் போய் நிற்காதீர்கள். முதல் மதிப்பெண் வாங்கினான் என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. விடை வராதபோது அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்பதை எழுதவே நான் விரும்புகிறேன். அதை நினைவுபடுத்தி எழுத எனக்கு அவகாசம் வேண்டும்.

பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது என்பதற்காக எல்லாம் அந்தப் பல்கலைக்கழகமே நடத்துவதாக நினைக்க வேண்டாம். இடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துபவையும் உண்டு. யார் பாடம் எடுக்கிறார்கள், சேர்க்கைக்கு ஏதாவது எழுதச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். பணம் கட்டினால் போதும் என்றால் நான் அங்கே அனுப்பச் சொல்ல மாட்டேன்.

தங்கிப் படிக்கும் முகாமுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். கட்டணத்தைப் பார்த்ததுமே "நமக்கு ஒத்துவராது" என்று மூடிவைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. ராஸ், ப்ரோமிஸ், மேத்கேம்ப் மூன்றிலும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள். உதவி கேட்டால் இடம் போய்விடுமோ என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது: கேளுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது. பிள்ளை கணக்குகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே வரிக் கணக்குத் தாள்களை எடுத்து வைத்து, நிதி உதவிப் படிவத்தையும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.