பலகையில் நகரம், வாயில் நகோன்

தாய்லாந்தில் பிட்சனுலோக் என்றொரு நகரம் இருக்கிறது. காதால் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. தாய் எழுத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘பிஷ்ணுலோக’ என்று வருகிறது. வகரம் பகரமாகிவிட்ட விஷ்ணுலோகம்தான் அது.

அந்த நாட்டு ஊர்ப்பெயர்களைப் புரிந்துகொள்ள முதல் வழி இதுதான்: ஒலியை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். சமஸ்கிருத, பாலிச் சொற்களைத் தாய் மக்கள் பெரும்பாலும் மூல எழுத்து மாறாமல் எழுதுகிறார்கள். வாயில் வரும்போது அவை தேய்ந்துவிடுகின்றன. சொல்லின் கடைசியில் நிற்கும் ரகரமும் லகரமும் னகரமாக ஒலிக்கும். ‘நகர’ என்று எழுதுவதை ‘நகோன்’ என்கிறார்கள். உத்தர என்பது உடோன் ஆகி, வடக்கு நகரமான உடோன் தானி பிறந்தது. சுரீன் என்ற ஊரின் எழுத்துக்குள் ‘சுரிந்திர’, அதாவது சுரேந்திர, முழுதாக இருக்கிறது. கடைசி எழுத்துகள் மட்டும் ஊமை. நம் புள்ளி மெய்யெழுத்தின் மேல் ஏறி உயிரொலியை நீக்கும். இந்த ஊமையைக் காட்ட அவர்கள் இடும் குறி எழுத்தின் மேல் ஏறினால் அந்த எழுத்தே ஒலிக்காது.

இந்த வழி தெரிந்தால் பல பெயர்கள் தாமே அவிழும். சுகோதாய், ‘சுக உதயம்’. பேட்சபுரி, வைரபுரி. அயூத்தயா, அயோத்தி. காஞ்சனபுரிக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அந்தப் பொன்னகரத்தின் பெயரை நம்மால் இயல்பாகச் சொல்லிவிட முடிவதில்லை. 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை அந்த வழியாகத்தான் போனது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் ஏராளமாக மடிந்தார்கள்.

இவையெல்லாம் அரண்மனையும் கோயிலும் வைத்த பெயர்கள். குடியானவர்கள் வைத்தவை வேறு வகை. எனக்குப் பிடித்தவையும் அவைதான். பான் என்றால் வீடு, ஊர். பாங் என்றால் நீர்க்கரைக் குடியிருப்பு. நோங் குளம், ஹுவாய் ஓடை, தா படகுத்துறை. மே என்றால் அம்மா. ‘மே நாம்’, நீர்த்தாய், ஆற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர். வடக்கே ஓடைகளின் பெயரிலும் கரையோர ஊர்களின் பெயரிலும் இந்த ‘மே’ முன்னால் நிற்கும். பாங்காக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாங்கோடு, புளிப்புப் பழம் தரும் மாகோக் மரத்தின் பெயர் சேர்ந்தது என்பது பரவலான விளக்கம். அங்குள்ள அருண் கோயிலின் பழைய பெயர் ‘வாட் மாகோக்’ என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. தாய் மக்கள் மட்டும் தலைநகரைக் குருங் தேப், அதாவது தேவர்களின் நகரம் என்பார்கள். அதன் முழுப்பெயர் ரோமன் எழுத்தில் 168 எழுத்து நீளம். இந்திரன் அளிக்க, விசுவகர்மன் கட்டிய நகரம் என்று முடிகிறது.

இரண்டு அடுக்கும் ஒரே ஊரில் தெரிவதும் உண்டு. தெற்கே ஒரு நகரத்துக்கு 1915இல் மன்னர் வஜிராவுத் சூரத் தானி என்று பெயர் சூட்டினார். அதே பெயருள்ள குஜராத்தின் சூரத் நகரம் தபதி ஆற்றங்கரையில் இருப்பதால், இங்குள்ள ஆற்றுக்கும் தாபி என்று பெயர் வந்தது. ஊர்க்காரர்கள் இன்னும் நகரத்தைப் பான் டோன், மேட்டூர், என்கிறார்கள்.

இனி நமக்கு நெருக்கமான ஊர், மேற்குக் கரையிலுள்ள தகுவா பா. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் தலைத்தக்கோலம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் தாய்லாந்து மொழியில் தகுவா ஈயம், பா காடு. ‘ஈயக்காடு’ என்று பெயர் தானே பொருள் தந்து நிற்கிறது. தக்கோலம் என்று கேட்டதைப் பிற்காலத்தவர் தங்கள் மொழிக்கு இசைய ஈயக்காடாக ஆக்கிக்கொண்டார்களா, அல்லது அது வேறொரு பெயரா என்று ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராம வணிகரையும் குறிப்பிடுகிறது. தமிழர் அங்கே இருந்ததற்கு அதுவே போதிய சான்று. ஊருக்குப் பெயர் வைத்தது நாம்தான் என்று அந்தக் கல் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

ரோமன் எழுத்தை நம்பினாலும் ஏமாறுவோம். மலை, அரிசி, வெள்ளை மூன்றையும் அதில் ‘காவ்’ என்றே எழுதுவார்கள். தாய் எழுத்திலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும்தான் வேறுபாடு. ஆகவே தாய்லாந்துக்குச் சுற்றுலா போனால், உடன் வரும் வழிகாட்டியிடம் ஊர்ப்பெயரைத் தாய் எழுத்தில் எழுதிக்காட்டச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.