சூரியனை மறைத்த மேகம்

சூரியன் திடீரென்று லீவு போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் என்றாவது யோசித்ததுண்டா? வடாம் காயாது, துணி உலராது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. பயிர் பச்சை இராது. ஆடு மாடு இராது. கடைசியில் நாமும் இருக்க மாட்டோம்.

இப்படி ஒரு விபரீதத்தைக் கற்பனை செய்து, 1957-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு நாவல் வெளிவந்தது. பெயர் ‘தி பிளாக் கிளவுட்’. ‘கறுப்பு மேகம்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதியவர் கதை எழுதிப் பிழைப்பவர் அல்ல. கேம்ப்ரிட்ஜ் சர்வகலாசாலையின் பிரசித்தி பெற்ற வான சாஸ்திரி பிரெட் ஹாயில். நம் உடம்பில் உள்ள கரியும் இரும்பும் எங்கோ நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து உண்டானவை என்று விளக்கிக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். நாலு பேர் சேர்ந்து அந்த விஷயத்தை விரிவாக எழுதிய புகழ் பெற்ற கட்டுரையும் அதே 1957-இல்தான் வந்தது. அதில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? ஒரு பெண்மணியுடையது; மார்கரெட் பர்பிட்ஜ்.

ஆகாசத்தில் ஓட்டை

மேகமாவது, சூரியனை மறைப்பதாவது என்று சிரிக்காதீர்கள். ஹாயில் சொல்லும் மேகம் நம் தலைக்கு மேலே மிதக்கும் மழை மேகம் அல்ல. நட்சத்திரங்களுக்கு இடையே கிடக்கும் வாயுவும் தூசியும். அப்படிப்பட்டவை நிஜமாகவே இருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தூரதர்சினியால் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது, நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே ஓரிடம் வெறும் இருட்டாக இருக்கக் கண்டார். ‘ஆகாசத்தில் ஓட்டை!’ என்று அவர் வியந்ததை, கூடவே இருந்து உதவிய தங்கை கரோலின் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தக் கரோலினும் லேசுப்பட்டவர் அல்ல; தாமாகவே பல வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர்.

அது ஓட்டை அல்ல, பின்னாலிருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும் திரை என்பது அப்புறம்தான் புரிந்தது. அமெரிக்க வான சாஸ்திரி பர்னார்டு இத்தகைய இருட்டுத் திட்டுகளைப் போட்டோப் பிடித்து, 1919-இல் ஒரு ஜாபிதாவே வெளியிட்டார். அவற்றில் ஒன்று நம்மை நோக்கி வந்தால்? இதுதான் ஹாயிலின் கேள்வி.

வட்டம் பெரிதாகிறது

கதை 1964 ஜனவரியில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஜென்ஸன் என்ற இளைஞன், சில வார இடைவெளியில் எடுத்த இரண்டு போட்டோத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வட்டம். பழைய தகட்டில் சிறியது. புதிய தகட்டில் பெரியது. பக்கவாட்டில் நகரவில்லை, இருந்த இடத்திலேயே பெருக்கிறது. தண்டவாளத்தில் நிற்பவன் கண்ணுக்கு எதிரே வரும் ரயில் எப்படித் தெரியும்? அப்படி!

அதே சமயம் இங்கிலாந்தில், கிரகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்று தெரிகிறது. கிங்ஸ்லி என்ற பேராசிரியர் கணக்குப் போடுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவற்றை இழுக்கிறது. விநாடிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்துகொண்டிருக்கிறது. ஒன்றரை வருஷத்துக்குள் இங்கே வந்துவிடும்.

சர்க்கார் என்ன செய்கிறது? விஷயம் தெரிந்த விஞ்ஞானிகளை நார்டன்ஸ்டோ என்ற கிராமத்து மாளிகையில் கொண்டுபோய் வைத்துக் காவல் போடுகிறது. ஜனங்களுக்குத் தெரிந்தால் பீதி உண்டாகுமாம்!

மேகம் நெருங்க நெருங்க முதலில் வருவது குளிர் அல்ல, வெப்பம். சூரிய வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி, பூமியை இரண்டு பக்கமும் வாட்டுகிறது. உஷ்ணப் பிரதேசத்து மக்கள் கோடிக்கணக்கில் மடிகிறார்கள். பிறகு பட்டப்பகலில் இருட்டு. கடுங்குளிர். அதற்கும் கோடிக்கணக்கில் பலி.

தோட்டக்காரன் குரல்

இவ்வளவுதான் கதை என்றால் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ருசியே இனிமேல்தான்.

மேகம் சூரியனைக் கடந்து போக வேண்டும், போகாமல் நின்றுவிடுகிறது! ரேடியோ அலை அனுப்பினால் அதற்கேற்ப ஏதோ மாறுகிறது. விஞ்ஞானிகள் போட்ட கணக்கெல்லாம் தப்பிப் போகிறது. கடைசியில் கிங்ஸ்லிக்கு ஒன்று உறைக்கிறது. அந்த மேகத்துக்கு உயிர் இருக்கிறது; அறிவும் இருக்கிறது.

மேகத்துக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிறார்கள். அது பேசுவதைக் கேட்க ஒரு குரல் வேண்டுமே? மாளிகைத் தோட்டக்காரன் ஜோவின் குரலையே கருவியில் பொருத்திவிடுகிறார்கள். நட்சத்திரங்களுக்கிடையே உலாவும் மகாஞானி, பட்டிக்காட்டுத் தோட்டக்காரன் மாதிரி பேசுகிறது! சூரியனிடம் சக்தி சேகரித்துக்கொள்ளவே வந்ததாம். கிரகத்தின்மேல் உயிர் இருக்கும் என்று அது எதிர்பார்க்கவே இல்லையாம். தெரிந்த பிறகு, வெளிச்சம் மறுபடி பூமிக்கு எட்டும்படி தன்னை ஒழுங்கு செய்துகொள்கிறது. ஆக, நம்மைக் கொல்ல வந்த ராட்சசன் அல்ல அது. நடந்து போகும்போது எறும்புப் புற்றை மிதித்தவன், அவ்வளவுதான்.

ஆன் ஹால்சி என்ற பெண் பியானோவில் பீத்தோவனின் பெரிய ஸொனாட்டா ஒன்றை அதற்கு வாசித்துக் காட்டுகிறாள். கேட்டுவிட்டு மேகம், முதல் பாகத்தை முப்பது சதவிகிதம் வேகமாக வாசிக்கச் சொல்கிறது! பீத்தோவன் தாமே குறித்துவைத்த வேகம் மிக அதிகம் என்று வித்வான்கள் பலர் நிதானமாக வாசிக்கும் உருப்படி அது. மேகத்துக்குக் காலப்பிரமாணம் தெரிந்திருக்கிறது!

நீங்களாக இருந்தால்?

இதற்குள் அமெரிக்காவும் ருஷ்யாவும் பொறுமை இழந்து, ஹைட்ரஜன் குண்டு தாங்கிய ராக்கெட்டுகளை மேகத்தின்மேல் ஏவிவிடுகின்றன. கிங்ஸ்லிக்குச் செய்தி எட்டுகிறது. மேகத்தை எச்சரிப்பதா? எச்சரித்தால் மனித குலத்துக்கே துரோகி என்பார்கள். சும்மா இருந்தால், அடிபட்ட மேகம் ஒரு நொடியில் பூமியையே தீர்த்துவிடக்கூடும்.

கிங்ஸ்லி சொல்லிவிடுகிறார். மேகம் ராக்கெட்டுகளை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அவற்றில் மூன்று, எல் பாஸோ, சிகாகோ, கீவ் என்ற மூன்று நகரங்களில் விழுகின்றன.

அவர் செய்தது சரியா? குண்டு போட உத்தரவிட்டவர்களா, எச்சரித்தவரா, யார் பழியை ஏற்பது? உங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ரசம் ஆறிப் போகும் வரை வாக்குவாதம் நடக்கும்.

ஹாயில் இதை எழுதிய காலத்தில் இரண்டு வல்லரசுகளும் குண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தன. யுத்த காலத்தில் கடற்படைக்காக ராடார் ஆராய்ச்சி செய்த அவருக்கு அதிகாரிகளின் ரகசிய மோகம் நன்றாகத் தெரியும். வானத்து மேகத்தைவிட இவர்களுடைய அவசரமும் மூடி மறைக்கும் புத்தியுமே பெரிய ஆபத்து என்று கதை நெடுகக் காட்டுகிறார்.

நிஜ உலகம் இந்த ஒரு விஷயத்தில் நாவலைவிடத் தேவலை. 2024 டிசம்பரில் ஒரு விண்கல்லைக் கண்டுபிடித்தார்கள். ‘2024 ஒய்.ஆர்.4’ என்று பெயர். 2032 டிசம்பர் 22-ஆம் தேதி அது பூமியில் மோத, நூற்றுக்கு மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்று 2025 பிப்ரவரியில் பகிரங்கமாகவே அறிவித்தார்கள். யாரும் பீதியடைந்து ஓடவில்லை. மேலும் அளந்து பார்த்து, பூமிக்கு அபாயம் இல்லை என்று அந்த மாதக் கடைசிக்குள்ளேயே சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள்.

நாவலின் முடிவில் மேகம் புறப்பட ஆயத்தமாகிறது. போகுமுன் அதன் ஞானத்தைப் பெற்றுவிட ஆசைப்பட்டு முதலில் வைகார்ட் என்ற விஞ்ஞானி உட்காருகிறார். மூளை தாளாமல் இறக்கிறார். அதைக் கண்ணால் கண்டும் கிங்ஸ்லி உட்காருகிறார். அவரும் பிழைக்கவில்லை.

ஹாயில் 2001-இல் காலமானார். அவருடைய மேகம் இன்னும் வாசகர்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பிக்க வேண்டாம். பொழுது விடிந்து, சூரியன் வந்துவிட்டானா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கும்வரை தூக்கம் வராது!