ஒட்டு இமைக்கு மேல் சீரம் பூசலாமா?

யூலை, ஓகஸ்ட் மாதங்கள் கனடாவிலும் இலண்டனிலும் பள்ளி விடுமுறைக் காலம். வட்டுக்கோட்டை, சங்கரத்தை, அராலி, மூளாய், சித்தங்கேணி வீடுகளுக்கு உறவுகள் வருவதும், ஆவணிக் கலியாணங்கள் கூடிவருவதும் இந்த நாட்களில்தான். முன்பெல்லாம் பெட்டிக்குள் சொக்லேற், சவர்க்காரம், சென்ற் வரும். இப்போது விரல் நீளத்தில் ஒரு சிறு குழாயும் சேர்ந்து வருகிறது. பார்வைக்கு மஸ்காரா போலிருக்கும். உள்ளே மை இராது, நிறமற்ற ஒரு திரவம் இருக்கும். இமைமயிரை நீளமாகவும் அடர்த்தியாகவும் வளர்க்கும் சீரம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், மணப்பெண்ணும் தோழியரும் அழகுநிலையத்தில் இமைமயிர் ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டின மயிர் உதிராமல் இருக்கவும், சொந்த மயிர் பலப்படவும் இந்தச் சீரத்தையும் பூசலாமா என்பதே பலரின் கேள்வி.

சில வகைச் சீரத்தைக் கவனமாகப் பூசலாம். இன்னொரு வகையைக் கண் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது. எது எந்த வகை என்பது குழாயின் முன்பக்கத்தைப் பார்த்தால் தெரியாது; பின்பக்கத்துப் பொடி எழுத்துக்களில்தான் இருக்கிறது. அந்த எழுத்துக்களில் தமிழ் கிடையாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, பின்னாளில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து நூல்களையும் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் வாழ்ந்த மண் இது. வட்டுக்கோட்டையிலிருந்து மானிப்பாய் சைக்கிள் ஓடும் தூரம். ஆனாலும் இன்று கண்ணுக்குள் போகக்கூடிய ஒரு பொருளைத் தமிழில் வாசித்தறிய எமக்கு வழியில்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் குழாயைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எதைத் தேடி வாசிக்கவேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஒட்டுவது எங்கே, பூசுவது எங்கே?

ஒரு கண்ணின் மேலிமையில் சுமார் 90 முதல் 150 வரை மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் வளர்ந்து, சில காலம் நின்று, தானாக உதிர்ந்து, அதே குழியிலிருந்து மீண்டும் முளைக்கிறது. வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. உயிர் உள்ளது தோலுக்குள் இருக்கும் வேரில். ஒட்டு இமை என்பது இந்த உயிரற்ற மயிர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை இழையைப் பசையால் ஒட்டுவது. முறையாகச் செய்பவர் பசை தோலில் படாமல் அரை மில்லிமீற்றரோ ஒரு மில்லிமீற்றரோ இடைவெளி விட்டே ஒட்டுவார். சொந்த மயிர் உதிரும்போது ஒட்டின இழையும் அதோடு விழும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போய் நிரப்ப வேண்டியிருக்கிறது. சீரம் வேலை செய்யவேண்டிய இடமோ வேர். ஆகவே இமையின் ஓரத் தோலில் அதைப் பூசுகிறோம். பசைக்கும் சீரத்துக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு மில்லிமீற்றர்தான்.

பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேற் என்ற இனத்தைச் சேர்ந்தது. கடையில் வாங்கும் சுப்பர் குளூவும் இதே இனம். 1942 இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட இப்பொருள், வியட்நாம் போரில் காயக்காரரின் இரத்தப்பெருக்கை நிறுத்தவும் தெளிக்கப்பட்டது. கருவிழியில் விழும் சிறு துளையை அடைக்கக் கண் வைத்தியர்கள் இதன் மருத்துவ வகையைப் பயன்படுத்துவதும் உண்டு. வைத்தியர் கையில் அது மருந்து. வன்பொருட் கடைக் குளூவை இமையில் வைப்பது வேறு கதை. மலிவென்று எவரும் அதைச் செய்யவேண்டாம். இமைக்கென விற்கும் பசையிலிருந்தும் போமல்டிகைட்டு வெளிவருவதுண்டு. ஒட்டு இமையால் கண் நோய்பட்டு வந்த 107 பெண்களைப் பரிசோதித்த யப்பானிய கண் வைத்தியர்கள் 2012 இல் தமது ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கருவிழியும் கண்ணின் வெண்படலமும் அழற்சி கண்டிருந்தன. மற்றவர்களில் பலருக்கு இமையில் ஒவ்வாமை. ஆராய்ந்த பசைகளில் போமல்டிகைட்டும் இருந்தது.

பெயரில் 'புரொஸ்ட்' இருக்கிறதா?

இமைமயிர்ச் சீரத்தின் கதை கண் மருந்திலிருந்து தொடங்குகிறது. கண் அழுத்த நோயான குளுக்கோமாவுக்கு பிமற்றோபுரொஸ்ட் என்ற துளிமருந்தை அமெரிக்கா 2001 இல் அனுமதித்தது. லூமிகன் என்பது அதன் வர்த்தகப் பெயர். அதை விட்டுக்கொண்ட நோயாளரின் இமைமயிர் நீண்டும் கறுத்தும் வருவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். பக்கவிளைவாக வந்ததே பின்னர் வியாபாரமானது. அதே மருந்து 2008 டிசம்பரில் லற்றீஸ் என்ற பெயரில், இமைமயிர் குறைந்தவர்களுக்கு என அனுமதி பெற்றது. இரவில் ஒருமுறை, மேலிமை ஓரத்தில் மட்டும், ஒரு கண்ணுக்கு ஒரு புதுத் தூரிகை என்பது அதன் விதி. முழுப் பயன் தெரிய சுமார் 16 வாரம் செல்லும். நிறுத்தினால் மயிர் பழையபடி ஆகிவிடும். கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பூசத் தொடங்குவதில் பயனில்லை என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

இம்மருந்து இமையைச் சிவக்கச் செய்யும், கண் அரிக்கும். இமைத் தோல் கறுக்கலாம். நிறுத்தினால் அது பெரும்பாலும் மாறும். கருமணியைச் சுற்றியுள்ள நிறம் கறுத்தால் அது மாறாது. எமது கண்கள் ஏற்கெனவே கறுப்பானவை என்பதால் அது வெளியே தெரியாமற் போகலாம். ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்புக் கரைந்து கண் குழிவிழுவது எந்த நிறத்தவருக்கும் தெரியும். அழகுக்காகப் பூசி, நோயாளி போலத் தோன்றுவதில் என்ன லாபம்?

இந்த இனத்து இரசாயனங்களின் சற்றே மாறிய உருவங்கள், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் சில அழகுசாதனச் சீரங்களிலும் உண்டு. ஐசோபுரொப்பைல் குளோபுரொஸ்ரனேற் அதில் ஒன்று. இவற்றின் பாதுகாப்புப் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு விஞ்ஞானக் குழு 2022 இல் கவலை தெரிவித்தது. ஆகவே பிள்ளையிடம் சொல்லவேண்டியது இதுதான்: பெயர்ப் பட்டியலில் எங்காவது 'புரொஸ்ட்' என்ற ஒலி வருகிறதா என்று பார். வந்தால், அழகுநிலையத்தில் கேட்கும் கேள்வி அல்ல அது, கண் கிளினிக்கில் கேட்கும் கேள்வி. பட்டியலே இல்லாத குழாயானால், எந்தச் சித்தி அனுப்பியிருந்தாலும் பூசாதீர்கள். 'புரொஸ்ட்' இல்லாமல், பெப்ரைட்டு, விற்றமின், பந்தெனோல் போன்றவை மட்டும் உள்ள சீரங்கள் மயிரை ஈரப்பதத்தோடு வைத்திருக்க உதவும். அவற்றிடம் பெரிய வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

போர் தொட்ட கண்கள்

எமது வாசகியர் பலருக்கு இதுவே முக்கியமான பகுதி. எறிகணை வெடித்தபோது முகத்தில் மண்ணும் கல்லும் அறைந்தவர்கள், செல் துண்டு கண்ணருகே பட்டவர்கள், அடியோ உதையோ வாங்கியவர்கள் எம்மிடையே உண்டு. அது 1987 ஆகவும் இருக்கலாம், 2009 ஆகவும் இருக்கலாம். அன்று வீக்கம் வற்றியதும் கண் சுகம் என்று நினைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்திருப்பீர்கள். ஆனால் கண்ணில் பட்ட மொத்தையான அடி, பல ஆண்டுகள் கழித்தும் கண் அழுத்தத்தைக் கூட்டலாம். பெரும்பாலும் நோவு இராது. பார்வை ஓரத்திலிருந்து மெல்லக் குறையும். இப்படிப்பட்டவர்கள் சீரத்தையோ ஒட்டு இமையையோ நினைப்பதற்கு முன் கண் அழுத்தத்தைப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை.

ஏற்கெனவே கண் அழுத்தத்துக்குத் துளிமருந்து விடுபவர் அதே இனத்துச் சீரத்தையும் பூசினால், மருந்தின் பயன் குறையக்கூடும். பார்வையைக் காக்கும் மருந்தை அழகுப் பொருள் கெடுக்க விடலாமா? கண்ணுக்குள் முன்பு அழற்சி வந்தவர்களுக்கு அது திரும்பவும் கிளம்பலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 'புரொஸ்ட்' வகையை விட்டுவிடுவது நல்லது. ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்கள் ஒட்டு இமை, சீரம் இரண்டையும் தவிர்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். எரிகாயத்தால் இமை தழும்பாகி மயிர் முளைக்காதவர்களுக்கு, வேரே இல்லாத இடத்தில் எந்தச் சீரமும் வேலை செய்யாது. இணையத்தில் காட்டும் படங்களை நம்பிக் காசு அனுப்பவேண்டாம். சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கதையுங்கள்.

இமை ஒட்டும்போது கண்ணை மூடி, கீழிமையில் ஒட்டுத்தாள் வைத்து, ஒன்றரை இரண்டு மணித்தியாலம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். கண்ணைக் கட்டி வைக்கப்பட்ட நினைவு உள்ளவர்களுக்கு இது சாதாரண விடயம் அல்ல. நெஞ்சு படபடத்தால் எழும்பிவிடுங்கள்; காரணம் சொல்லவேண்டியதில்லை.

கணவனை இழந்தவளுக்கு இமை அலங்காரம் எதற்கு என்று கேட்பவர்களும் எமது ஊரில் உண்டு. அவர்களுக்குப் பதில் எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

இரண்டையும் பாவிப்பவர்கள்

கண் சுகமாக இருந்து, சீரத்தில் 'புரொஸ்ட்' இல்லையென்றால், ஒட்டு இமையோடு அதைப் பாவிக்கலாம். முதலில் சீரத்தைத் தனியே இரண்டு மூன்று வாரம் பூசிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், கண் சிவக்கும்போது குற்றவாளி பசையா சீரமா என்று வைத்தியருக்கும் தெரியாது. இமை ஒட்டிய பின் 48 மணித்தியாலம் எதுவும் பூசவேண்டாம். பசை நன்றாக இறுகட்டும். பிறகு, இரவில் முகம் கழுவி, இமையைத் துடைத்து உலரவிட்டு, தூரிகையை ஒரேயொரு கோடாக மேலிமை ஓரத் தோலில் இழுங்கள். அள்ளிப் பூசினால் வழிந்து கண்ணுக்குள் போகும். கீழிமைக்குத் தேவையில்லை. காய்ந்த பின்பே தலையணையில் சாயுங்கள்.

எண்ணெய் கலந்த சீரம் பசையை இளக்கும். ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய்க்கும் இது பொருந்தும். ஆமணக்கெண்ணெய் இமைமயிரை வளர்க்கும் என்பது பரம்பரைப் பேச்சு. அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஒட்டு இமை விழுந்துவிடும் என்று பயந்து பலர் கண்ணைக் கழுவாமலே விடுகிறார்கள். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து இமை ஓரம் புண்ணாவது இதனால்தான். கொதித்தாறிய நீரில் குழந்தைகளின் சம்பூ ஒரு துளி கலந்து, தினமும் மெல்லக் கழுவுங்கள். தலைமயிர்ச் சாயத்தை இமைக்கோ புருவத்துக்கோ பூசவே வேண்டாம். 1933 இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் பெண்களின் கண்ணைக் குருடாக்கியது. ஒருவர் இறந்தே போனார். 1938 இல் அங்கு அழகுசாதனங்களுக்கும் சேர்த்துச் சட்டம் வந்ததற்கு அச்சம்பவம் ஒரு காரணம். அதிலிருந்த அதே பிபிடி என்ற இரசாயனம் இன்றைய கறுப்புத் தலைச்சாயங்கள் பலவற்றிலும் உண்டு.

இதைத் தொழிலாகச் செய்யும் சகோதரிகளுக்கு

2009 க்குப் பிந்திய வாழ்வாதாரப் பயிற்சிகளில் தையலோடு அழகுக்கலையும் கற்பிக்கப்பட்டது. வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையும் கண்ணாடியும் வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். ஒரு வாடிக்கையாளரின் கண் கெட்டால், அடுத்த கலியாணத்துக்கு ஊரில் எவரும் கூப்பிடமாட்டார்கள். ஆகவே கதிரையில் இருத்துமுன் கேளுங்கள்: கண்ணில் காயமோ சத்திரசிகிச்சையோ நடந்ததா, கண்ணுக்கு மருந்து விடுகிறாரா, ஏதும் ஒத்துவராமற் போனதா, வீட்டில் என்ன சீரம் பூசுகிறார். பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் முன்பே வரச்சொல்லி, இரண்டு மூன்று இழை மட்டும் ஒட்டிப் பாருங்கள். சென்றமுறை ஒன்றும் செய்யவில்லை என்பதற்காக இம்முறை விட்டுவிடவேண்டாம். ஒவ்வாமை பல தடவை பாவித்த பின்பும் தொடங்கும். உங்கள் மூச்சுக்கும் அந்தப் பசையின் ஆவி கூடாது. யன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் போடுங்கள். சாவணத்தை ஒவ்வொருவருக்கும் பின் கழுவி, 70 வீத அற்ககோலில் துடையுங்கள். மெல்லிய மயிரில் தடித்த இழையைத் தொங்கவிட்டால் வேர் இழுபட்டு மயிர் முளைக்காமலே போகும். 'அக்கா, இன்னும் நீளமாக' என்று மணப்பெண் கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள்.

கண்ணுக்குள் பசை பட்டால் இமையை இழுத்துப் பிரிக்கவேண்டாம். நகச்சாயம் அகற்றும் திரவத்தைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். சுத்தமான வெதுவெதுப்பான நீரைக் கால் மணித்தியாலம் ஊற்றியபடி கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தாய்ப்பால் விடும் வழக்கம் எமது பக்கத்தில் உண்டு; இதற்கு அது வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு துளிமருந்து வாங்கி விடுவதும் ஆபத்து. அவற்றுள் சில ஸ்ரீரொயிட் கலந்தவை. கண் அழுத்தத்தைக் கூட்டும். நோவு, மங்கல் பார்வை, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், இமை வீக்கம், இவற்றில் எது வந்தாலும் சீரத்தை நிறுத்திவிட்டு அன்றே போகவேண்டும். போகும்போது சீரக் குழாயையும், அழகுநிலையத்தில் கேட்டு வாங்கிய பசைப் போத்தலின் பெயரையும் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.