அப்பாவின் தோட்டத்தைக் காயவிட்ட ஃபுகோகா!

'வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். இயற்கை விவசாயம் செய்ய ஆசை. அப்பாவே நம்ப மாட்டேங்கிறார்' என்று கலங்கும் இளைஞர்களுக்கு, ஜப்பானின் மசனோபு ஃபுகோகா கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு.

பயிர் நோயியல் படித்தவர் ஃபுகோகா. யோகஹாமா சுங்கத் துறையில் தாவரங்களைப் பரிசோதிக்கும் வேலை. நிமோனியாவில் படுத்து எழுந்தவர், 25 வயதில் வேலையை உதறிவிட்டு ஷிகோகு தீவிலுள்ள சொந்த ஊருக்கு வந்தார். 'மனிதன் எதுவும் செய்யத் தேவையில்லை' என்ற எண்ணத்தை, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில் சோதித்தார். கவாத்தை அடியோடு நிறுத்தினார். காலங்காலமாக வெட்டி வளர்த்த மரங்கள் அவை. கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி ஏறியது, நூற்றுக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. சும்மா விடுவது வேறு, இயற்கை விவசாயம் வேறு என்று மகனுக்குப் புரிவதற்குள் அப்பாவுக்குத் தோட்டம் போய்விட்டது.

அப்பா சொல்படி மறுபடியும் வேலைக்குப் போனார், கோச்சி ஆராய்ச்சி நிலையத்துக்கு (கேரளத்து கொச்சி அல்ல). உலகப்போர் முடிந்த பிறகே நிலத்துக்குத் திரும்பினார். நெல் அறுக்கும் முன்பே பார்லி விதைப்பு, அறுத்த வைக்கோலை வயலிலேயே பரப்புவது, உழவே இல்லை என்று படிப்படியாகத் தன் வழியைக் கண்டார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நூல் வந்தது 1975-ல், 62 வயதில். மகசேசே விருது 1988-ல்.

ஆக, அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மொத்த நிலத்தையும் கேட்காமல் 20 சென்ட் மட்டும் கேளுங்கள். மீதியில் அவர் வழக்கம்போல் செய்யட்டும். மகசூல் குறைந்தால் மறைக்காமல் அவரிடமே காட்டி யோசனை கேளுங்கள். அந்த மண் அவருக்குப் பழக்கம். இரண்டு நிலத்தின் செலவையும் வரவையும் ஒரே நோட்டில், அவர் கண்ணில் படும்படி எழுதிவாருங்கள்.